விலை வேறுபடுத்தல்: 'ஆளுக்கொரு விலை'யின் பொருளியல் பெயர்

ஒரே பொருள். அதை ஆக்கவும் கொண்டுவந்து சேர்க்கவும் ஆகும் செலவும் ஒன்றே. ஆனாலும் ஒருவருக்கு ஒரு விலை, அடுத்தவருக்கு வேறு விலை. பொருளியலில் இதை 'பிரைஸ் டிஸ்கிரிமினேஷன்' என்பார்கள். பாடநூல்களில் 'விலை பேதம் காட்டுதல்' என்று பார்க்கலாம். 'விலைப் பாகுபாடு', 'விலை வேறுபாடு' என்றும் எழுதுகிறார்கள். கடைத்தெருவில் இதற்குப் பெயர் 'ஆளைப் பார்த்து விலை சொல்றது'. ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தம் பக்கம் சங்கு விற்பவர் எடுத்த எடுப்பில் விலை சொல்லிவிட மாட்டார். "எந்த ஊர்ல இருந்து வர்றீங்க?" என்றுதான் தொடங்குவார். வந்தவரின் ஊர், பேச்சு, கூட வந்த பிள்ளை சங்கை விடமாட்டேன் என்று பிடித்திருக்கும் பிடி, எல்லாம் சேர்ந்துதான் விலை.

டிஸ்கிரிமினேஷன் லத்தீன் வழி வந்த சொல். அதன் வேர்ப்பொருள் பிரித்துக் காணுதல். பழியேதும் அதில் இல்லை. தமிழில் 'பகு' என்ற வேருக்கும் இதே கதைதான். ஒரு பக்கம் பகுத்தறிவு பிறந்தது, மறுபக்கம் பாகுபாடு. இன்று பாகுபாடு என்றாலே சாதியும் பாலினமும் நினைவுக்கு வந்துவிடுவதால், மாணவருக்கு ரயிலில் சலுகை தருவதை 'விலைப் பாகுபாடு' என்று சொல்ல நாக்கு கூசுகிறது. 'பேதம்' வடசொல், சாம பேத தான தண்டத்தில் வரும் அதே பேதம்தான், அதிலும் சூழ்ச்சி வாடை உண்டு.

'விலை வேறுபாடு' சாதுவான சொல், ஆனால் பொருள் தவறுகிறது. வேறுபடுவது தன்வினை, தானாக நடப்பது. பாம்பனில் வாங்கிய இறால் மதுரையில் கூடுதல் விலைக்குப் போகிறது என்றால் ஐஸும் லாரி வாடகையும் அதில் ஏறியிருக்கின்றன. அது வெறும் வேறுபாடு. 30 கவுண்ட் இறாலுக்கும் 60 கவுண்ட் இறாலுக்கும் விலை வேறுதான். கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதே கவுண்ட்; பெரியதும் சிறியதும் சந்தையில் இரண்டு சரக்கு. நாம் தேடும் சொல்லில் வேண்டுமென்றே பிரிக்கும் ஒரு கை இருக்க வேண்டும். அதனால் பிறவினையாக 'விலை வேறுபடுத்தல்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆடி அமாவாசைக்கு லாட்ஜ் வாடகை ஏறுவது பெரும்பாலும் கூட்டத்தின் வேலை. அதே இரவு, அதே மாதிரி இரண்டு அறைக்கு இரண்டு பேரிடம் இரண்டு வாடகை வாங்கினால், அது வேறுபடுத்தல்.

இதை எல்லோராலும் செய்துவிட முடியாது. கரையில் மீன் ஏலம் போகும்போது படகுக்காரர் விலை வைப்பதில்லை. கேட்பவர்கள் கேட்டதுதான் விலை. (ஏலம் என்ற சொல்லே போர்ச்சுக்கீசியர் 'லெய்லாவ்' என்றதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.) விலையைத் தானே வைக்கும் பலம் வேண்டும், அதுதான் சந்தை வலிமை. முழுக்கத் தனி ஒருவர் கையில் இருந்தால் முற்றுரிமை, பேச்சுவழக்கில் ஏகபோகம். கொஞ்சூண்டு வலிமை தெருவில் கூடை இறக்கும் அக்காவுக்கும் உண்டு. எல்லோருக்கும் ஒரே விலை சொல்லிவிட்டு, வாடிக்கை வீட்டுக்கு மட்டும் நாலு மீனைக் கொசுறாகப் போடுவார். கணக்குப் பார்த்தால் அந்த வீட்டுக்கு விலை குறைவு, பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், "ஒரே வெலதான் தாயி!"

1920இல் பிகூ என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் இதை மூன்று நிலையாகப் பிரித்தார். ஒவ்வொருவரும் அதிகபட்சம் எவ்வளவு தருவாரோ அதை அப்படியே கறப்பது முதல் நிலை, சங்குக்கடைக்காரரின் கனவு. அளவைப் பொறுத்து விலை மாறுவது இரண்டாம் நிலை. ஊரில் ஒரே ஐஸ் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம்: விசைப்படகுக்கு நூறு ஐஸ் பார் எடுப்பவருக்கு ஒரு விலை, வள்ளத்துக்கு இரண்டு பார் எடுப்பவருக்கு ஒரு விலை. மொத்தமாக ஏற்றுவதில் மிச்சமாகும் செலவுக்கு மேல் எவ்வளவு குறைக்கிறார்களோ அவ்வளவுதான் வேறுபடுத்தல். ஆட்களைக் குழுவாகப் பிரித்து விலை வைப்பது மூன்றாம் நிலை. 2020 மார்ச் வரை ரயிலில் 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் தள்ளுபடி இருந்ததே, அது.

ரயில் என்றதும் துப்யுயி என்ற பிரெஞ்சுப் பொறியாளரைச் சொல்லாமல் போகக்கூடாது. அந்தக் காலத்தில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விட்டிருந்தார்கள். 1849இல் அவர் எழுதினார்: கூரை போடும் செலவுக்குப் பயந்தல்ல, ஏழைகளை வதைக்கவும் அல்ல, இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதற்குத்தான். ராமேஸ்வரம் ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஒற்றைக்காலில் நின்று வந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

விலையை வேறுபடுத்தச் சந்தை வலிமை போக இன்னொரு நிபந்தனை, மலிவாக வாங்கியவர் அடுத்தவருக்கு விற்றுவிடக் கூடாது. டிக்கெட்டில் பேர் போட்டு அடையாள அட்டை கேட்பது பாதி இதற்காகத்தான். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம், மீன்பிடிப் படகுக்கான வரிவிலக்கு டீசலுக்கு அளவு என்று அரசு வைத்திருப்பதும் அதே கவலையால். அங்கே நோக்கம் லாபமல்ல, மானியம். ஆனால் ஒழுகும் ஓட்டை ஒன்றே.

நம் கரையில் இந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், பிடித்ததை அவருக்கே போட வேண்டும். கடனில்லாத படகின் நண்டுக்கு ஒரு விலை, கடன்பட்ட படகின் அதே நண்டுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைத்து. இங்கே விலையை வேறுபடுத்துவது வாங்குபவர். வாங்குபவர் ஒருவரே என்ற நிலைக்கு ஆங்கிலேயப் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933இல் வெளியிட்ட நூலில் 'மோனாப்சனி' என்ற புதுச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்; கிரேக்கம் தெரிந்த ஹால்வர்ட் என்பவர் ஆக்கிக் கொடுத்தது. தமிழில் 'வாங்குவோர் முற்றுரிமை' எனலாம். அதன் கிரேக்க வேரான 'ஓப்சன்' சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறியைக் குறித்தது. ஏதென்ஸ்காரர்களுக்கு அந்தக் கறி பெரும்பாலும் மீன்தான். இன்றைய கிரேக்கத்தில் மீனுக்குப் பெயரான 'ப்சாரி'யும் அதன் வழிவந்ததே.

இந்தியாவின் 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஆதிக்க நிலையில் உள்ள நிறுவனம் வேறுபடுத்தி விலை வைப்பதை அந்த நிலையின் தவறான பயன்பாடு என்கிறது. விற்கும் விலை மட்டுமல்ல, வாங்கும் விலையும் அதில் அடக்கம். ஆனால் ஒரு கரையில் நாலு படகுக்கு முன்பணம் கொடுத்தவரை ஆதிக்க நிறுவனம் என்று நிறுவுவது லேசான காரியமில்லை.