நாளை வரப்போகும் 'தானியங்கி' வசதிக்கு இன்றே பணம் கட்டலாமா?

சென்னையின் எண்ணூர் விரைவு சாலையில், துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஓரமாக வரிசை கட்டி நிற்கும். பலவற்றில் பின்விளக்கு எரியாது. ஒளிரும் ஸ்டிக்கர் மேல் சேறு அப்பியிருக்கும். கார் ஷோரூமில் காட்டும் 'தானே ஓடும்' வீடியோவில் இந்தச் சாலை வராது. உயரமான டிரெய்லரின் பின்பக்கத்தையும் நின்றுகொண்டிருக்கும் வண்டியையும் சென்சார் தவறவிடலாம் என்று அந்தக் காரின் கையேட்டிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டிக் காட்டுவதில்லை.

இங்கே 'அடாஸ்' (ஓட்டுநருக்கு உதவும் தொழில்நுட்பம்) என்ற பெயரில் கிடைப்பவை அதிகபட்சம் இரண்டாம் நிலை உதவிகள்தான். கார் எவ்வளவு தானாக ஓடும் என்பதைச் சொல்லும் 0 முதல் 5 வரையிலான அளவுகோலில், இந்த நிலையில் ஓட்டுநர் நீங்களேதான். இடித்தால் வழக்கும் உங்கள் மேல்தான்.

தானே ஓடும் வசதி பிற்பாடு சாஃப்ட்வேர் அப்டேட்டில் வரும் என்று சொல்லி முன்கூட்டியே காசு வாங்குவது வேறு கதை. டெஸ்லாவைப் பாருங்கள். முழுத் தானியங்கி ஓட்டத்துக்குத் தேவையான கருவிகள் எல்லாம் எங்கள் கார்களில் இருக்கின்றன என்று 2016 அக்டோபரில் அறிவித்தார்கள். 2019-ல் கணினியையே மாற்றினார்கள். அந்தக் கணினியும் போதாது, காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு மாற்றித்தர வேண்டியிருக்கும் என்று 2025 ஜனவரியில் ஈலான் மஸ்க்கே ஒப்புக்கொண்டார். 'விலை ஏறும், இப்போதே வாங்குங்கள்' என்ற பேச்சை நம்பி 2022 செப்டம்பரில் 15,000 டாலர் கொடுத்தவர், 2024 ஏப்ரலில் அதே வசதி 8,000 டாலருக்குப் போவதைப் பார்த்தார். இந்தியாவில் 2025 ஜூலையில் விற்பனை தொடங்கியபோது, இங்கே அப்போது இயங்காத அதே வசதிக்கு 6 லட்சம் ரூபாய் விலை போட்டிருந்தார்கள். அந்த 6 லட்சத்தை 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டால், 5 வருடத்தில் ஏறக்குறைய 8.4 லட்சம் ஆகும்.

இன்றே வேலை செய்யும் உதவிகளுக்குத் தரலாம், ஆனால் ஆன்ரோடு கணக்கைப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் பெட்ரோல், டீசல் கார்களுக்கு 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதமும், அதற்கு மேல் 20 சதவீதமும் சாலை வரி. 19.2 லட்சம் ரூபாய் காரில் அடாஸுக்காக 1.2 லட்சம் கூடுதலான வேரியன்டுக்குப் போனால், முழு விலைக்குமே 20 சதவீதம். வரி மட்டும் 62,400 ரூபாய் ஏறும்.

டெஸ்ட் டிரைவை ஷோரூம்காரர் காட்டும் வழியில் முடிக்காதீர்கள். மாதவரம் 200 அடிச் சாலையில் ஒருமுறை, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒருமுறை. லேன் உதவி பல கார்களில் மணிக்கு 60 கி.மீ.யைத் தாண்டினால்தான் விழிக்கும். டாஷ்போர்டில் தெரியும் லேன் கோட்டுச் சின்னம் எவ்வளவு நேரம் பச்சையாக இருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்தவர் கவனிக்கட்டும். கோடே அழிந்துபோன இடத்தில் அது சாம்பல் நிறத்திலேயே இருக்கும். முன்வண்டியைப் பார்த்து வேகம் குறைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் விடுகிற இடைவெளியில் ஒரு ஆட்டோ நுழையும், கார் பிரேக் போடும், பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்கும். மாறாக, ராயபுரத்துச் சந்திலிருந்து ரிவர்ஸில் வெளியே எடுக்கும்போது குறுக்கே வரும் பைக்கை எச்சரிக்கும் வசதி தினமும் உதவும். எங்கள் கணக்கில் காசு கொடுக்கத் தகுந்தது அதுதான். மோதல் எச்சரிக்கையோடு வரும் தானியங்கி பிரேக்கையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பராமரிப்புச் செலவை யாரும் சொல்ல மாட்டார்கள். மணலி, எண்ணூர் பக்கம் சாம்பல் தூசியும் நிலக்கரித் தூளும் பம்பருக்குள் இருக்கும் ரேடார் முன்னாலும், கேமரா பார்க்கும் கண்ணாடி மேலும் படியும். துடைக்க வெறும் தண்ணீரும் மென்துணியும் போதும். ஆயுதபூஜைச் சந்தனம் குங்குமத்தை அந்த இரண்டு இடத்திலும் வைக்காதீர்கள், பானெட்டில் வையுங்கள், சாமி கோபிக்காது.

முன்கண்ணாடி உடைந்து மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவுபடுத்தியே (கேலிப்ரேஷன்) ஆக வேண்டும். பல கார்களில் இதற்குச் சமதளம், சரியான டயர் காற்று, காலி டிக்கி, நிறுவனம் சொன்ன தூரத்தில் குறிப்பலகை இத்தனையும் வேண்டும். கேமரா 1 டிகிரி திரும்பியிருந்தால், 50 மீட்டர் தூரத்தில் 87 செ.மீ. தள்ளித் தெரியும். பக்கத்து லேன் வண்டிக்குப் பயந்து கார் பிரேக் போடுவது இதனாலும் இருக்கலாம். காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ஆனால் அளவுபடுத்தும் கூலியும் அதில் சேருமா என்று, வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.