ஃபத்வா என்றால் மார்க்க விடை

உடலுறுப்பு தானம் பற்றி ஒரு தொலைக்காட்சி விவாதம். நெறியாளர் ‘இதற்கு எதிராக ஃபத்வா விதிக்கப்பட்டிருக்கிறதே’ என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம்மாள் ஒருவர், ‘அது மார்க்கத் தீர்ப்பு, மீற முடியாது’ என்று சொல்லி இன்னும் கெடுத்து வைக்கிறார். முன்னவர் சொன்னதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது மரத்துப்போய்விட்டது. பின்னவர் சொன்னதுதான் பொறுக்கவில்லை.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். அரபியில் ‘ஃபதா’ என்றால் இளைஞன், வலுவுள்ளவன். தடுமாற்றமான விஷயத்தை வலுப்படுத்தித் தெளிவாக்குவது ‘இஃப்தா’ என்று பழைய அகராதிக்காரர்கள் இரண்டையும் முடிச்சுப் போடுவார்கள். மார்க்க விஷயத்தில் ஒரு கேள்வி கேட்பவர் முஸ்தஃப்தி, பதில் சொல்லும் அறிஞர் முஃப்தி, சொல்லப்பட்ட பதில் ஃபத்வா. சரி, வேரை விடுங்கள், குர்ஆனில் இந்த வினைச்சொல் எங்கே வருகிறது என்று பாருங்கள். 12ஆவது அத்தியாயத்தில் எகிப்து அரசன் கனவு காண்கிறான், ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் தின்கின்றன, இதற்கு விளக்கம் சொல்லுங்கள் என்று அவையோரைக் கேட்கிறான். ‘அஃப்தூனீ’, எனக்கு ஃபத்வா கொடுங்கள். 27ஆவது அத்தியாயத்தில் சபா நாட்டு அரசி, சுலைமான் நபியின் கடிதம் வந்ததும், பிரமுகர்களைக் கூட்டி அதே ‘அஃப்தூனீ’யைச் சொல்கிறாள். எந்த அரசியாவது சபையைக் கூட்டி ‘எனக்குக் கட்டளை போடுங்கள்’ என்பாளா? அவர்களும், எங்களிடம் படைபலம் இருக்கிறது, ஆனால் ‘வல்அம்ரு இலைக்கி’, கட்டளை உன் கையில் என்று பதில் சொல்கிறார்கள். ஃபத்வா வேறு, கட்டளை வேறு என்று அடுத்தடுத்த வசனங்களிலேயே பிரிந்து கிடக்கிறது. இதைப் படித்தபிறகும் ‘மதக் கட்டளை’ என்று எழுதுகிறவரை என்ன செய்வது?

அந்த மொழிபெயர்ப்பு எங்கிருந்து ஊருக்குள் வந்தது என்பது தெரிந்ததுதான். 1989 பிப்ரவரி 14 அன்று நாவலாசிரியர் சல்மான் ருஷ்டியைக் கொல்லச் சொல்லி ஈரானின் தலைவர் கொமேனி வெளியிட்ட அறிவிப்பு உலகச் செய்தியானது. அதுவரை இந்தச் சொல்லையே கேட்டிராதவர்கள் அன்று ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டார்கள், கூடவே ‘மரண தண்டனை’ என்ற பொருளையும் சேர்த்து. அப்புறம் கட்சித் தலைமை அறிக்கை விட்டாலும் ஃபத்வா, ஊர்ப் பஞ்சாயத்து ஒருவரைத் தள்ளிவைத்தாலும் ஃபத்வா.

வெளியார் செய்த தப்பை அறியாமை என்று விட்டுவிடலாம். ‘மார்க்கத் தீர்ப்பு’ நாமே செய்துகொண்டது. மதரஸாவில் ஓதியவர்களே எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். தீர்ப்பு என்ற தமிழ்ச் சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது? வாதி, பிரதிவாதி, சாட்சி, விசாரணை, கடைசியில் நிறைவேற்றும் அதிகாரம். இதற்கு அரபியில் தனிச் சொல் இருக்கிறது, ‘களா’. அதைச் செய்பவர் காழி, நம்மூர்ப் பேச்சில் காஜி. முஃப்திக்கு முன்னால் எதிர்த்தரப்பு இல்லை, சாட்சி இல்லை. கேட்டவர் எழுதிக்கொடுத்த கேள்வியை மட்டும் பார்த்து, நிலைமை இப்படியே என்றால் பதில் இது என்கிறார். காழியின் தீர்ப்பு கட்டுப்படுத்தும், முஃப்தியின் ஃபத்வா கட்டுப்படுத்தாது என்பது ஃபிக்ஹு, அதாவது மார்க்கச் சட்ட, நூல்களின் பாலபாடம். இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் காழிக்கு என்ன சொல் மிச்சம்? இந்திய உச்ச நீதிமன்றமே 2014 ஜூலையில், ஃபத்வா என்பது அறிந்தவர் ஒருவரின் கருத்து, அதை யார்மீதும் திணிக்க முடியாது, அதற்குச் சட்ட அதிகாரம் இல்லை என்று சொன்னது. அதைப் படித்த நம்மில் சிலர் கொதித்தார்கள். முஃப்திகளைக் கேட்டிருந்தால் ‘நாங்களும் அதைத்தானே சொல்கிறோம்’ என்றிருப்பார்கள்.

எழுத்தில் வந்த ஃபத்வா ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே கேள்வி இருக்கும்: இன்ன விஷயத்தில் மார்க்க அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள்? கீழே ‘அல்ஜவாப்’, அதாவது பதில். அப்புறம் ஆதாரங்கள். கடைசி வரி ‘வல்லாஹு அஃலம்’, அல்லாஹ்வே நன்கறிந்தவன். எந்த நீதிபதி தன் தீர்ப்பின் அடியில் ‘சரியா என்பது இறைவனுக்கே வெளிச்சம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்?

மருத்துவ விஷயங்களுக்கு வந்தால் ‘தீர்ப்பு’ இன்னும் தள்ளாடுகிறது. மூளைச்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் அம்மானில் கூடிய இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஃபிக்ஹு அகாதமி, மூளையின் எல்லாச் செயல்பாடும் மீளவே முடியாதபடி நின்று, மூளை சிதையவும் தொடங்கிவிட்டது என்று வல்லுநர்கள் சொன்னால், அந்த ஆள் இறந்தவர்தான் என்றது. மறுவருடமே மக்காவில் உலக முஸ்லிம் லீகின் ஃபிக்ஹு சபை, அந்த நிலையில் கருவிகளை எடுத்துவிடலாம், ஆனால் இதயமும் மூச்சும் நின்றால்தான் மரணம் என்றது. இரண்டு சபையிலும் பெரிய ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், இரண்டும் மருத்துவர்களைக் கேட்டுத்தான் பேசின. தீர்ப்பு என்றால் எது மேல்கோர்ட், எது கீழ்கோர்ட்? விடை என்று சொல்லிப் பாருங்கள், சிக்கலே இல்லை. கடினமான கேள்விக்கு இரண்டு அறிஞர்கள் இரண்டு விடை சொல்வது நடக்கிறதுதானே.

சிங்கப்பூர்க் கதை இதைவிடச் சுவையானது, அங்கே தமிழ் முஸ்லிம்களும் இதற்குள் வருகிறார்கள். 1973இல் அங்குள்ள ஃபத்வா குழு உறுப்பு மாற்றுச் சிகிச்சை கூடாது என்றது. 1986இல் சிறுநீரகம் தரலாம் என்றது. ஆட்சேபம் எழுதிக்கொடுக்காதவர் எல்லாரும் தர இசைந்தவரே என்று கொள்ளும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் முஸ்லிம்கள் மட்டும் விலக்கி வைக்கப்பட்டிருந்தார்கள். 2007இல் அதே குழு அந்த விலக்கு வேண்டாம், எல்லாரையும்போல முஸ்லிம்களையும் சேர்க்கலாம் என்றது, 2008இல் சட்டம் திருத்தப்பட்டது. சிகிச்சை தேறியது, கேட்கப்பட்ட கேள்வி மாறியது, விடையும் மாறியது. நெறியாளர் ‘விதித்தது’ என்று சொன்ன அந்த வாக்கியத்தில் இத்தனைக்கும் இடம் உண்டா?

தவறான சொல்லால் உயிருக்கே ஆபத்து வரும் என்பதற்கு இந்தோனேசியா. 2018 ஆகஸ்டில் அந்நாட்டு உலமா சபை தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி பற்றி ஒரு ஃபத்வா வெளியிட்டது. மருந்து இந்தியாவில் செய்தது, தயாரிப்பில் பன்றியிலிருந்து எடுத்த பொருள் பயன்பட்டிருந்தது. அதனால் அது ஹராம், அதாவது மார்க்கத்தில் விலக்கப்பட்டது, என்றார்கள். நிறுத்தவில்லை, தொடர்ந்து, மாற்று மருந்து கிடையாது, போடாவிட்டால் பெரும் கேடு என்று நம்பத்தக்க வல்லுநர்கள் சொல்கிறார்கள், ஆகவே இப்போதைக்குப் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு என்றார்கள். ‘ளரூரத்’, அதாவது நிர்ப்பந்தம், என்ற பழைய விதி. ஃபத்வாவைத் தடை என்று புரிந்துகொண்டவர் முதல் பாதியோடு போய்விட்டார். ‘ஹராம்’ என்ற சொல் மட்டும் ஊர் ஊராகப் பரவி, ஆச்சே போன்ற இடங்களில் ஊசி போட்டுக்கொள்வதே படுத்துவிட்டது. நுணுக்கமாக எழுதப்பட்ட பதிலில் ஒரு வரியை மட்டும் பிய்த்து எடுத்தால் இதுதான் கதி.

இப்போது தமிழுக்கு என்ன வைப்பது? ‘மார்க்க விளக்கம்’ என்பார்கள். பரவாயில்லை, ஆனால் பயான் என்னும் மார்க்கச் சொற்பொழிவும் விளக்கம், தஃப்ஸீர் என்னும் குர்ஆன் உரையும் விளக்கம். ‘கருத்து’ மெலிந்துபோகிறது, ஃபத்வாவிலோ கேட்டவர் மனச்சாட்சிக்கு ஒரு பிடி இருக்கிறது. தனித்தமிழ் அன்பர் ஒருவர் ‘சமய ஆணை’ என்று எழுதியிருந்தார், வடமொழியைத் துரத்துகிற வேகத்தில் பொருளையும் சேர்த்துத் துரத்திவிட்டார். மார்க்கம் வடசொல்லாகவே இருக்கட்டும், தமிழ் முஸ்லிம் வாயில் தீனுக்கு, அதாவது இஸ்லாமிய நெறிக்கு, பேராகப் பழகிப்போனது, அதைக் கிளற வேண்டாம்.

நான் சொல்வது ‘மார்க்க விடை’. பரீட்சை வாடை அடிக்கிறது என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நன்னூலைத் திறக்கட்டும். அங்கே விடை எட்டு வகை: சுட்டு, மறை, நேர், ஏவல் என்று தொடங்கும். கூடாது என்ற ஃபத்வா மறை விடை, கூடும் என்பது நேர் விடை. செய்தியாளர்கள் எல்லாவற்றையும் ஏவல் விடையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நன்னூலார் விடைக்கு வைத்த சொல் ‘இறை’ என்பது இன்னொரு வேடிக்கை. ‘மார்க்க இறை’ என்று நான் எழுதினால் அதற்கே தனியாக ஒரு ஃபத்வா கேட்க வேண்டிவரும்.

இதே நோய்தான் ‘தஃவா’வையும் பிடித்திருக்கிறது. இறைவேண்டலான துஆவும் தஃவாவும் ஒரே வேர், பொருள் அழைப்பு. பள்ளிவாசல்களில் அழகாக ‘அழைப்புப் பணி’ என்கிறோம். பத்திரிகையில் வரும்போது அது ‘மதமாற்றப் பிரச்சாரம்’ ஆகிவிடுகிறது. உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்துக்குப் பயந்து கதவடைத்த தெருக்களில், இமாம்கள் ஒலிபெருக்கியில் கூப்பிட்டுப் பிள்ளைகளை வரவழைத்தார்கள். அதுவும் அழைப்புத்தான், அதை எந்தச் சொல்லில் மொழிபெயர்ப்பார்கள்? மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலச் செய்தியை வைத்துக்கொண்டு அரபுச் சொல்லைத் தமிழாக்குகிறார்கள், நடுவில் இருக்கிற முஸ்லிமைக் கேட்பதில்லை. கேட்டாலும் விவாத மேடையில் உட்கார்ந்தவரைப்போல ஒருவர் ‘தீர்ப்பு’ என்று சொல்லிவிடுகிறார், அது வேறு.

மார்க்க விடை பிடிக்கவில்லையா, ஃபத்வா என்றே எழுதுங்கள், எனக்குச் சண்டை இல்லை. வினைச்சொல்லையாவது மாற்றுங்கள். விதித்தார், பிறப்பித்தார், போட்டார் எல்லாம் வேண்டாம். ஊரில் எங்கள் பெரியவர்கள் ‘ஹஜ்ரத்திடம் ஒரு ஃபத்வா கேட்டுவிட்டு வா’ என்பார்கள், ‘ஃபத்வா கொடுத்தார்’ என்பார்கள். கேட்பது, கொடுப்பது, இந்த இரண்டு போதும்.