பியர்-டு-பியர்: ஒப்பாரும் மிக்காரும்

கணினி உலகில் பியர்-டு-பியர் என்றால், இரண்டு கணினிகள் சரிசமமாக நின்று கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வது. வழக்கமாக நாம் பார்க்கும் தளங்களுக்குப் பின்னால் வழங்கி (சர்வர்) ஒன்று இருக்கும். நம் கணினி அதனிடம் கேட்டு வாங்கும், அவ்வளவுதான். பியர்-டு-பியரில் ஒரே கணினி வாங்கவும் செய்யும், வழங்கவும் செய்யும். (யுபிஐயில் பி-டு-பி என்கிறார்களே, அது வேறு. அங்கே பி என்பது ஆள். ஆளுக்கு ஆள் பணம் போகிறது, ஆனால் நடுவில் வங்கிகள் உட்கார்ந்திருக்கின்றன.)

பியர் என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'பார்', பொருள், சமம். கோல்ஃப் ஆட்டக்காரர்கள் சொல்லும் பாரும் அதே வேர்தான். 1215-இல் இங்கிலாந்து மன்னர் ஜான் ஒப்புக்கொண்ட மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தில், ஒருவனைத் தண்டிப்பதென்றால் அவனுக்குச் சமமானவர்களின் தீர்ப்பு வேண்டும் என்று இருக்கிறது. அந்தச் சமமானவர்கள்தான் பியர்கள். அப்புறம் வேடிக்கை நடந்தது. பிரபுக்கள் தங்களுக்குள் சமமானவர்கள் என்பதால் பிரபுவுக்கே பியர் என்று பெயராகிவிட்டது. பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் இருப்பவர் இன்றும் பியர்தான். யாருக்குச் சமம் என்று கேட்கக் கூடாது.

கணினித் துறைக்கு இந்தச் சொல் புதிதல்ல. 1992-இல் வந்த 'விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ்' அலுவலகக் கணினிகளை வழங்கி இல்லாமல் ஒன்றோடொன்று கோத்தது. அதையும் பியர்-டு-பியர் என்றே சொன்னார்கள். தெருவில் போகிறவர் காதுக்கும் அது எட்டியது நாப்ஸ்டரால்.

பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஷான் ஃபேனிங் எழுதிய பாட்டுப் பகிர்வு நிரல் அது. 1999 ஜூனில் வெளியானது. ஷான் பார்க்கர் கூட்டாளி. நாப்ஸ்டர் என்பது ஃபேனிங்கின் சுருட்டை முடியைப் பார்த்து வைத்த பட்டப்பெயர். நிரலை நிறுவி, ஒரு பாட்டின் பெயரைத் தட்டினால் பட்டியல் விரியும்: கோப்பின் பெயர், அளவு, வைத்திருப்பவரின் புனைபெயர், அவருடைய இணைப்பின் வேகம். மோடம்காரரை விட்டுவிட்டுக் கல்லூரி விடுதியின் வேகமான இணைப்பில் இருப்பவரைத்தான் எல்லாரும் தேடிப் பிடிப்பார்கள். தொலைபேசி வழி மோடம் என்றால் ஒரு பாட்டு இறங்கக் கால் மணி நேரம் ஆகிவிடும். பாதியில் அந்த ஆள் கணினியை அணைத்துவிட்டால் பாட்டும் பாதிதான். 2001 பிப்ரவரியில் உலகம் முழுக்க இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் இதைப் பயன்படுத்தினார்கள்.

ஆனால் நாப்ஸ்டர் முழு பியர்-டு-பியர் இல்லை. பாட்டு ஒருவர் கணினியிலிருந்து இன்னொருவர் கணினிக்கு நேராகத்தான் போனது. யாரிடம் எந்தப் பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நிறுவனத்தின் வழங்கிகளில் இருந்தது. தேடல் நொடியில் முடிந்ததற்குக் காரணம் அந்தப் பட்டியல். நிறுவனம் கவிழ்ந்ததற்கும் அதுதான் காரணம்.

அனுமதியில்லாமல் பாட்டுகள் கைமாறுகின்றன என்று 1999 டிசம்பரில் இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டன. அடுத்த ஏப்ரலில் மெட்டாலிக்கா என்ற ராக் இசைக்குழுவும் போட்டது. அதன் டிரம்மர் லார்ஸ் உல்ரிக் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் பெயர்ப்பட்டியலையே கொண்டுபோய் நாப்ஸ்டரிடம் கொடுத்தார். எங்களிடம் ஒரு பாட்டுக்கூட இல்லையே என்ற நாப்ஸ்டரின் வாதம் எடுபடவில்லை. உங்கள் பட்டியலில் என்ன ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியும், தடுக்கவும் உங்களால் முடியும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம், 2001 பிப்ரவரியில். பிறகு பெயரைப் பார்த்துப் பாட்டுகளை வடிகட்டினார்கள். பிள்ளைகள் 'க' பாஷை பேசுவது மாதிரி, பயனர்கள் பாடகர் பெயரை மாற்றிப் புரட்டி எழுதித் தப்பித்தார்கள். வடிகட்டல் 99 சதவீதத்துக்கு மேல் வேலை செய்கிறது என்று நிறுவனம் சொல்லியும் நீதிபதி மர்லின் ஹால் படேல் ஏற்கவில்லை. 2001 ஜூலையோடு சேவை நின்றது, 2002-இல் திவால். பெயரையும் சின்னத்தையும் ராக்ஸியோ என்ற மென்பொருள் நிறுவனம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. அதன் பின் அந்தப் பெயர் கைமாறியபடியே இருக்கிறது.

கோப்புகளைப் பகிர வந்த நுடெல்லா, பிட்டோரண்ட் போன்றவை நாப்ஸ்டர் மாதிரி ஒரே நிறுவனத்தின் பட்டியலை நம்பி நிற்கவில்லை.

சரி, பியரைத் தமிழில் என்ன சொல்லலாம்? 'சக' எளிது, சக மாணவர், சக ஊழியர் என்று நாக்கில் பழகியது. ஆனால் அது உடனிருப்பதைச் சொல்கிறதே தவிர, சமமாக இருப்பதைச் சொல்லவில்லை. சக ஊழியர்களில் ஒருவர் மேலாளராகவும் இருக்கலாம். 'நிகர்' பொருத்தமான சொல்தான், ஆனால் ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது: நிகர்நிலைப் பல்கலைக்கழகம், மெய்நிகர், நிகர லாபம். 'இணையர்' என்றால் இப்போது கணவன் மனைவி.

என் ஓட்டு 'ஒப்பார்' என்பதற்கு. ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவர் என்று இன்றும் எழுதுகிறோம். ஒப்பார் சமமானவர், மிக்கார் மேலானவர். கல்வி உளவியல் பாடநூல்களும் சமவயதுக் கூட்டத்தை ஒப்பார் குழு என்றே சொல்கின்றன. நாப்ஸ்டரின் சிக்கலையும் இதே சோடியால் சொல்லிவிடலாம்: பாட்டு ஒப்பாரிடையே போனது, பட்டியல் மிக்காரிடம் இருந்தது.

சாவு வீட்டு ஒப்பாரி மாதிரிக் கேட்கிறதே என்பார்கள். 1071-ஆம் குறளில் 'ஒப்பாரி' என்றால் ஒப்புமைதான். கயவர் மனிதரைப் போலவே இருப்பதைச் சொல்லும் இடம். அழுகை காதில் விழுவது தயக்கமாக இருந்தால் 'ஒத்தோர்' என்று எழுதுங்கள், பொருள் மாறாது. வலையமைப்புக்கு ஒத்தோர் வலை, கோப்பு கைமாறுவதற்கு ஒத்தோர் பகிர்வு. டோரண்ட்டை டோரண்ட் என்றே விட்டுவிடலாம். அது பிட்டோரண்ட் என்ற பெயரிலிருந்து வந்தது.