ஓஃப்ரிஸ்: 10 சிற்றினமா, 350-ஆ?

ஐரோப்பாவின் காட்டு ஆர்க்கிட்களில் ஓஃப்ரிஸ் பேரினத்துக்குச் சில வகைப்பாட்டாளர்கள் சுமார் 10 சிற்றினங்கள் என்கிறார்கள், வேறு சிலர் 350-க்கும் மேல் என்கிறார்கள். எது சரி என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரு தரப்பும் எண்ணும் பொருள் வேறு.

1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் பூச்சி போன்ற இந்தப் பூக்களின் பல வடிவங்களை ஓஃப்ரிஸ் இன்செக்டிஃபெரா என்ற ஒரே பெயருக்குள் அடக்கினார். பிறகு உதட்டிதழின் (பூச்சி வந்து அமரும் பெரிய இதழின்) நிறம், மயிர், பளபளப்பான திட்டு ஆகியவற்றைப் பார்த்துப் பெயர்கள் பெருகின.

இந்தப் பூவில் தேன் கிடையாது. பெண் தேனீயின் மேல்தோல் மெழுகில் இருக்கும் அதே ஆல்கேன்களையும் ஆல்கீன்களையும் (கார்பன் சங்கிலிச் சேர்மங்கள்; ஆல்கீனில் மட்டும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு) பூ சுரக்கிறது. வசந்தத்தில் பெண்களுக்கு முன்பே வெளிவந்துவிடும் ஆண் தேனீ, மணத்தை நம்பி உதட்டிதழில் அமர்ந்து புணர முயல்கிறது. அப்போது மகரந்தக் கட்டி இரண்டும் அதன் தலையில் பசைபோல் ஒட்டிக்கொள்கின்றன. ஓஃப்ரிஸ் ஃபுஸ்கா போன்றவற்றில் தேனீ எதிர்ப்பக்கமாகத் திரும்பி உட்காரும். கட்டிகள் வயிற்று நுனியில் ஒட்டும்.

நுட்பம் ஆல்கீனின் இரட்டைப் பிணைப்பில் இருக்கிறது. ஓஃப்ரிஸ் ஸ்ஃபெகோடெஸில் அது 9-ஆம், 12-ஆம் கார்பன்களில் வருகிறது. அதற்கு ஆண்ட்ரீனா நைக்ரோஈனியா என்ற தேனீ மயங்குகிறது. ஓஃப்ரிஸ் எக்சால்டாட்டாவில் 7-ஆம் கார்பனில். அதற்கு வருவது கொலெட்டஸ் குனிகுலாரியஸ் என்ற வேறொரு தேனீ. தென் இத்தாலியில் இரண்டும் ஒரே புல்வெளியில் பூத்தாலும் மகரந்தம் பெரும்பாலும் கலப்பதில்லை. ஒரு நொதி பிணைப்பை எந்த இடத்தில் போடுகிறது என்பதே வேலி! மற்ற மரபணுக்களோ ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கின்றன. ஆகவே மரபணுவை நம்புபவர் சேர்க்கிறார், தேனீயை நம்புபவர் பிரிக்கிறார்.

எந்தச் சேர்மத்தைத் தேனீ உணர்கிறது என்று பார்க்க ஆண் தேனீயின் உணர்கொம்பை மின்முனைகளுக்கு நடுவே பொருத்துவார்கள். பூவின் சாற்றை வாயு நிறப்பிரிகை (கலவையை ஆவியாக்கித் தனித்தனிச் சேர்மங்களாகப் பிரிக்கும் முறை) மூலம் பிரித்து, வரும் ஒவ்வொன்றையும் உணர்கொம்பின்மேல் செலுத்துவார்கள். உணரும்போது மின்னழுத்தம் துள்ளும். இந்தச் சோதனை நடக்காமலே, உதட்டிதழின் கோலத்தை மட்டும் வைத்து ஒரு புதுப் பெயர் சூட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கோலம் ஒரே குன்றிலேயே செடிக்குச் செடி மாறும். பெயரிடும் ஆர்வத்துக்கு ஈடாக இந்த ஆய்வுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

தேனீ அளவுகோலும் எங்கும் செல்லாது. வட ஐரோப்பாவின் ஓஃப்ரிஸ் அபிஃபெராவில் மகரந்தக் கட்டியின் மெல்லிய காம்பு தானே வளைந்து தொங்கும். காற்று அசைத்தால் அதே பூவின் சூல்முடியில் கட்டி போய் ஒட்டும். தேனீ வராமலே காய் பிடித்துவிடும்.