புது மின்கார் யாருக்கு? லாக் புக்கைக் கேளுங்கள்

அரசு அலுவலகக் கார்களில் ஒரு லாக் புக் இருக்கும். ஓரம் மடங்கி, எண்ணெய்க் கறை படிந்த நோட்டு. புறப்பட்ட நேரம், அப்போது மீட்டர் காட்டிய எண், போன இடம், திரும்பிய நேரம், மறுபடியும் மீட்டர் எண், கடைசிக் கட்டத்தில் பயணம் செய்தவரின் கையெழுத்து. தணிக்கைக்கு ஆள் வரும் நாளைத் தவிர அதை யாரும் புரட்டுவதில்லை. அரசு மின்கார் வாங்கினால் காற்றில் கலக்கும் கரியமில வாயு உண்மையிலேயே குறையுமா என்ற கேள்விக்கு அந்த நோட்டைப் போல நேர்மையாகப் பதில் சொல்லும் ஆவணம் வேறு கிடையாது.

மின்கார் ஆலையை விட்டு வெளியே வரும்போதே ஒரு கடனைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. லித்தியம், நிக்கல் போன்றவற்றைத் தோண்டி எடுத்துச் சுத்திகரிக்க வேண்டும். அவற்றை மெல்லிய உலோகத் தாள்களில் பூசி, பெரிய அடுப்புகளில் உலர்த்த வேண்டும். எல்லாவற்றுக்கும் எரிசக்தி தேவை. பேட்டரியின் ஒவ்வொரு யூனிட் (கிலோவாட் மணி) கொள்ளளவுக்கும் ஏறக்குறைய 60 முதல் 100 கிலோ வரை கரியமில வாயு வெளியாகிறது. இடைப்பட்ட அளவாக 75 கிலோ என்று வைத்துக்கொண்டால், 40 யூனிட் பேட்டரிக்கு 3 டன். ஒரு கிலோமீட்டர் கூட ஓடாத நிலையிலேயே பெட்ரோல் காரைவிட இவ்வளவு பின்தங்கி நிற்கிறது மின்கார்.

இந்தக் கடனை அடைக்க ஒரே வழி ஓட்டம்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது. முக்கால் கிலோ எடையுள்ள திரவத்திலிருந்து இரண்டே கால் கிலோவுக்கு மேல் எப்படி வரும் என்று கேட்கலாம். எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்து சேர்ந்துகொள்கிறது, கூடுதல் எடை அதனுடையது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் என்றால் கிலோமீட்டருக்குச் சுமார் 150 கிராம். கச்சா எண்ணெயை எடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவந்து சேர்ப்பதையும் கூட்டினால் 180 கிராம். மின்காருக்கு 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் போதும். சார்ஜ் செய்யும்போது சூடாக வீணாவதையும் சேர்த்து மின்மீட்டரில் 17 யூனிட் ஏறும். இனி அந்த யூனிட் எங்கே பிறந்தது என்பதுதான் கணக்கு. மின்சாரம் பெரும்பாலும் நீரிலும் காற்றிலும் கிடைத்து, யூனிட்டுக்கு 50 கிராம்தான் வெளியாகிறது என்றால் ஏறக்குறைய 17,500 கிலோமீட்டரில் கடன் தீர்ந்துவிடும். யூனிட்டுக்கு 400 கிராம் என்றால் 27,000 கிலோமீட்டர். நிலக்கரி மிகுந்து 700 கிராம் ஆனால் 49,000. முழுக்க நிலக்கரி, யூனிட்டுக்கு ஒரு கிலோ என்ற நிலை இருந்தால், இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் கடன் மிச்சமிருக்கும். நல்ல வேளையாக மின்கட்டமைப்பு ஆண்டுக்கு ஆண்டு தூய்மையானால், ஏற்கனவே வாங்கிய காரும் அதனுடன் சேர்ந்து தூய்மையாகிறது. பெட்ரோல் காருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இப்போது நோட்டுக்குத் திரும்புவோம். ஓர் அலுவலகத்தில் இரண்டு கார்கள் என்று கொள்ளுங்கள். ஒன்று கள ஆய்வுக்குப் போவது. தினம் 70, 80 கிலோமீட்டர், ஆண்டுக்கு 20,000. மற்றொன்று துறைத் தலைவருடையது. வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து கூட்டம், ஆண்டுக்கு 4,000. யூனிட்டுக்கு 700 கிராம் என்ற மின்சாரத்தில்கூட முதல் கார் இரண்டரை ஆண்டுக்குள் கடனை அடைத்துவிடும். இரண்டாவதற்கு பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் வேண்டும். அதற்குள் பல அலுவலகங்களில் வண்டியையே கழித்துக்கட்டியிருப்பார்கள். ஆனால் நடைமுறை என்ன? புது வண்டி வந்தால் முதலில் பெரிய நாற்காலிக்குத்தான் போகும். பளபளப்பான மின்கார் நிழலில் நிற்க, புகை கக்கும் பழைய கார் கிலோமீட்டர்களைக் குவித்துக்கொண்டிருக்கும். சூழலுக்காக வாங்கியதாகச் சொல்லப்படும் வண்டிகளில் எனக்கு வரும் முதல் சந்தேகம் இதுதான். ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிகளைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொண்டால், சிலவற்றை வாங்காமலே இருந்துவிடலாம் என்பதையும் நோட்டு காட்டிக்கொடுக்கும்.

பொருத்தமான வண்டி கிடைத்துவிட்டால், அரசு வாகனங்களைப் போல மின்சாரத்துக்கு இசைவானவை குறைவு. போகும் தூரம் முன்கூட்டியே தெரியும். இரவில் ஒரே வளாகத்துக்குத் திரும்பிவரும். சீனாவின் ஷென்சென் நகரம் 2017 முடிவதற்குள் தன் 16,000-க்கு மேற்பட்ட பேருந்துகளையும் மின்சாரத்துக்கு மாற்ற முடிந்ததற்கு, அவை எந்தத் தடத்தில் ஓடும், எங்கே வந்து நிற்கும் என்பது நிச்சயமாகத் தெரிந்திருந்ததும் ஒரு காரணம்.

சிக்கல் வளாகத்தில்தான் தொடங்கும். மாலை ஆறு மணிக்கு 30 கார்கள் திரும்பிவந்து, எல்லா ஓட்டுநர்களும் ஒரே நேரத்தில் 7 கிலோவாட் சார்ஜரைச் செருகினால் 210 கிலோவாட் சுமை. அலுவலகக் கட்டடத்துக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை அதைத் தாங்காமல் போகலாம். புது டிரான்ஸ்பார்மர் கேட்டுக் கோப்பு நகரத் தொடங்கும். உண்மையில் தேவைப்படுவது எவ்வளவு? ஒவ்வொரு காரும் அன்று 100 கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் 17 யூனிட்தான். முப்பதுக்கும் சேர்த்து 510 யூனிட். அதை மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை பரப்பினால் சராசரி 43 கிலோவாட்டுக்கும் குறைவு. ஐந்தில் ஒரு பங்கு! எந்தக் காருக்கு எப்போது எவ்வளவு கொடுப்பது என்று தானாக முறை வைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால் போதும், பழைய டிரான்ஸ்பார்மரே ஓட்டிவிடும். கார்களுக்கான ஆணை முதலில் வந்து, சார்ஜருக்கான ஆணை வேறொரு பிரிவில் தூங்கிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

பிரிவுகள் என்றதும் இன்னொன்று. மின்காரின் விலை அதிகம், ஓட்டச் செலவு குறைவு. இன்ஜின் ஆயில் கிடையாது. வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி பேட்டரிக்கு மின்சாரம் திருப்பி அனுப்புவதால் பிரேக் கட்டைகளும் நெடுநாள் தேயாமல் இருக்கும். ஆனால் வாங்கும் பணம் மூலதனச் செலவுத் தலைப்பில் போகிறது, எரிபொருள் மிச்சம் வேறு தலைப்பில் விழுகிறது. கூடுதலாகச் செலவழித்தவர் ஒருவர், மிச்சம் பிடித்த பெயர் இன்னொருவருக்கு. டெண்டரிலும் அப்படியே: குறைந்த விலைப்புள்ளிக்கே ஆணை என்று விதி இருந்தால், மின்கார் முதல் சுற்றிலேயே தோற்கும். கொள்முதல் விலையையும், ஆயுள் முழுவதற்குமான எரிசக்தி, பராமரிப்புச் செலவையும் கூட்டி, கடைசியில் ஏலத்தில் கிடைக்கும் தொகையைக் கழித்து ஒப்பிட்டால்தான் போட்டி நியாயமானது. ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போனது. 2019-இல் இயற்றிய விதியின்படி, 2021 ஆகஸ்டிலிருந்து பொதுக் கொள்முதல் வாகனங்களில் குறிப்பிட்ட பங்கு தூய்மையானவையாக இருக்க வேண்டும்.

தேவையைத் திரட்டி வாங்குவதும் உண்டு. இந்தியாவில் 2017-இல் மத்திய அரசு நிறுவனங்களின் கூட்டு முயற்சியான இ.இ.எஸ்.எல், அரசுத் துறைகளுக்காக ஒரே டெண்டரில் 10,000 மின்கார்களுக்கு விலை கேட்டது. இப்படி உறுதியான ஆணை கையில் இருந்தால் உற்பத்தியாளர் துணிந்து புது வரிசை தொடங்குவார். உற்பத்தி பெருகப் பெருக விலை இறங்கும். 2010-இல் பேட்டரி யூனிட்டுக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்தது, 2024-இல் சராசரி 115 டாலர். இந்தச் சரிவின் பெரும்பங்கு தனியார் சந்தையின் வேலை, அரசுகள் முழுப் புகழையும் எடுத்துக்கொள்ள முடியாது. உறுதி என்பதும் எப்போதும் உறுதியாக இருப்பதில்லை: அமெரிக்க மத்திய அரசு இனி வாங்கும் இலகு வாகனங்கள் 2027-க்குள் முழுக்கப் புகையற்றவையாக இருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் பிறந்த ஆணை, 2025 ஜனவரியில் ரத்தானது.

டெண்டர் ஆவணத்தில் நான் முதலில் தேடும் வரி பேட்டரி பற்றியது. சோதனைக்கூடத்தில் 300 கிலோமீட்டர் போகும் கார், நெடுஞ்சாலை வேகத்திலும் கடுங்குளிரிலும் அவ்வளவு போகாது. எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை கொள்ளளவு 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காது என்ற உத்தரவாதம் இன்று பல கார்களுக்குக் கிடைக்கிறது. அதை எழுத்தில் வாங்கிவைத்தால் ஏல நாளில் உதவும். பெட்ரோல் காரை ஏலத்தில் எடுக்க வருபவர் இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். மின்காருக்கு வருபவர் சாவியைத் திருப்பினால் சத்தமே இருக்காது; பேட்டரியில் எத்தனை விழுக்காடு மிச்சம் என்று ஒரே கேள்வி கேட்பார். அதைச் சொல்ல லாக் புக்கில் இன்னும் ஒரு கட்டம்கூட இல்லை.