பேக்டோர் பைலட்: வேர் பிடிக்காத பதியங்கள்

வாராவாரம் பார்க்கிற தொடரில் ஒரு எபிசோட் மட்டும் விநோதமாக இருக்கும். புதிதாக ஒருவர் வருவார், அவருக்கென்று ஓர் அலுவலகம், ஒரு உதவியாளர், கூடவே ஒரு பூனை எல்லாம் தயாராக இருக்கும், நம்ம நாயகனோ ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார். இதைத்தான் பேக்டோர் பைலட் என்கிறார்கள். தனித் தொடர் ஒன்றை விற்பதற்கான மாதிரியை, ஏற்கனவே ஓடுகிற தொடரின் செலவில் எடுத்துக் காட்டுவது.

இந்தச் சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் ஸ்பின்-ஆஃப், அதாவது ஒரு தொடரிலிருந்து பிரிந்து வரும் தனித் தொடர். ஸ்பின் என்றால் ஆங்கிலத்தில் ஆதியில் நூல் நூற்பதுதான், சுழல்வது என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. சுழலும் சக்கரத்திலிருந்து சேறு தெறிக்கிற மாதிரி ஒன்றிலிருந்து தெறித்து விலகியது ஸ்பின்-ஆஃப். தாய் கம்பெனியிலிருந்து பிரிகிற கம்பெனிக்கும் இதே பெயர். விண்வெளி ஆராய்ச்சியால் அன்றாடப் புழக்கத்துக்கு வந்த பொருட்களைப் பற்றி நாசா 1976 முதல் வெளியிடுகிற ஆண்டிதழுக்கும் இதே பெயர். தமிழில் கிளைத்தொடர் என்றால் போதும். பாரதத்தில் நளன் கதையைக் கிளைக்கதை என்று எப்போதோ சொல்லிவிட்டோம், அது தனி நூலாகவும் நின்றுவிட்டது.

பைலட்டின் வேர் கிரேக்கத்தில் துடுப்பைக் குறிக்கிற சொல். துறைமுகத்தில் கப்பலை உள்ளே கூட்டிவருபவர் இன்றும் பைலட்தான். தொடரை விற்கக் காட்டும் மாதிரியான பைலட் எபிசோடை முன்னோட்டம் என்று எழுதினால் டிரெய்லர் என்று நினைத்துவிடுவார்கள். வெள்ளோட்டம் என்பதே சரி, புதுத் தேரை இழுத்துப் பார்ப்பதற்கு நாம் வைத்திருக்கும் சொல்.

சிக்கல் பேக்டோரில்தான். கொல்லைப்புறம், பின்வாசல் என்று பெயர்த்தால் சிபாரிசில் வேலை வாங்கிய வாடை அடிக்கிறது. என் பரிந்துரை பதியம். மல்லிகைக் கொடியை வெட்டாமலே வளைத்து மண்ணில் புதைப்பார்கள், தாய்ச்செடியின் சத்திலேயே அது வேர் விடும், விட்ட பிறகுதான் நறுக்கித் தனியாக நடுவார்கள். பேக்டோர் பைலட் செய்வது அட்சரம் பிசகாமல் இதுதான்.

வேர் பிடிக்காமல் போனதற்குப் பெயர்போன உதாரணம், அமெரிக்க விண்வெளித் தொடரான ஸ்டார் டிரெக்கின் இரண்டாம் பருவத்தில் கடைசி எபிசோடான 'அசைன்மெண்ட்: எர்த்'. என்பிசி தொலைக்காட்சியில் 1968 மார்ச் 29 அன்று வந்தது. ஸ்டார் டிரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி 1966இல் தனித் தொடராக எழுதிப் பார்த்து விலைபோகாததை, எழுத்தாளர் ஆர்ட் வாலஸுடன் சேர்ந்து அந்தத் தொடரின் எண்டர்பிரைஸ் விண்கப்பலுக்குள் நுழைத்தார். வேற்றுக்கிரகத்தில் பயிற்சி பெற்ற மனிதன் கேரி செவனாக ராபர்ட் லான்சிங், உதவியாளர் ராபர்ட்டாவாக டெரி கார், ஐசிஸ் என்ற கருப்புப் பூனை, பேசும் கணினி வேறு. பாவம், தொடரின் நாயகர்களான கர்க்கும் ஸ்பாக்கும் ராக்கெட் ஏவுதளத்தில் காவலர்களிடம் மாட்டிக்கொண்டு பாதி நேரம் சும்மா நிற்கிறார்கள். கடைசியில் செவனிடமும் ராபர்ட்டாவிடமும், உங்கள் இருவருக்கும் இன்னும் சுவாரசியமான அனுபவங்கள் காத்திருக்கின்றன என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போகிறார்கள். அந்த அனுபவங்களைப் பார்க்க என்பிசி காசு போடவில்லை. எனக்கு அந்த எபிசோட் பிடிக்கும், ஆனால் அது ஸ்டார் டிரெக் இல்லை.

எல்லாக் கிளைத்தொடர் முயற்சியும் பதியம் ஆகிவிடாது. பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடரான டாக்டர் ஹூவின் இயந்திர நாயை வைத்து பிபிசி 1981 டிசம்பர் 28 அன்று ஒளிபரப்பிய 'கே-9 அண்ட் கம்பெனி' தனியாகவே வந்த வெள்ளோட்டம். தொடராகவில்லை. அதில் சாரா ஜேனாக நடித்த எலிசபெத் ஸ்லேடனுக்கு 2007இல்தான் சொந்தத் தொடர் கிடைத்தது. அதே டாக்டர் ஹூவிலிருந்து டேலெக்குகள் என்ற வில்லன்களை மட்டும் தனியே பிரித்து அமெரிக்காவில் விற்கப் பார்த்த எழுத்தாளர் டெரி நேஷனின் 'தி டெஸ்ட்ராயர்ஸ்' படமாகவே இல்லை, 2010இல் ஒலிநாடகமாக வந்ததோடு சரி. இதை வெள்ளோட்டம் என்றுகூடச் சொல்ல முடியாது, தேரே செய்யவில்லையே.

கேரி செவனின் பதியம் மட்டும் முழுக்கக் காய்ந்துவிடவில்லை. 2022இல் ஸ்டார் டிரெக்: பிகார்ட் தொடரின் இரண்டாம் பருவத்தில் டாலின் என்று ஒரு பெண் வருகிறாள், செவனைப் போலவே பூமியில் இருந்துகொண்டு ரகசியமாகக் காவல் காக்கிறவள். நாயகன் பிகார்ட் அவளிடம் செவனின் பெயரையும் சொல்கிறார். புதைத்து 54 வருடம் கழித்து ஒரு தளிர்.