வீடியோவில் பார்த்த டாக்டருக்கு காப்பீட்டுப் பணம் வருமா?

வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் மழைத் தண்ணீர் நிற்கும் வாரங்களில் என் மேசைக்கு வரும் மருத்துவக் காப்பீட்டு கிளைம்களில் வீடியோ ஆலோசனை ரசீதுகள் கூடிவிடும். கிளைம் காகிதங்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. கூடவே ஒரு கேள்வியும் வரும்: "சார், என் பாலிசியில் டெலிமெடிசினுக்கு கவர் உண்டா?"

பாலிசியில் அந்தப் பெயரில் தனிப் பிரிவைத் தேடி அலைய வேண்டாம். டாக்டரை நேரில் பார்க்கும் செலவை உங்கள் பாலிசி எங்கெல்லாம் ஏற்கிறதோ, அங்கெல்லாம் தொலைமருத்துவ ஆலோசனையையும் ஏற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஜூன் மாதமே நிறுவனங்களுக்குச் சொல்லிவிட்டது. பாலிசியில் உள்ள உச்சவரம்புகள் அப்படியே தொடரும். அதில் சலுகை கிடையாது.

ஆகவே, புறநோயாளிச் செலவை ஏற்காத பாலிசியில் சளி, காய்ச்சலுக்கு வீடியோவில் பேசிய கட்டணம் வராது. தெருமுனை கிளினிக்குக்கு நடந்தே போயிருந்தாலும் வந்திருக்காது. ஆனால் மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றால், அதே நோய்க்காக முன்பும் பின்பும் பார்த்த ஆலோசனைகள் கணக்கில் வரும். பல நிறுவனங்கள் ஒரே விதிகளோடு விற்கும் ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் இது சேர்வதற்கு முன் 30 நாள், டிஸ்சார்ஜ் ஆன பின் 60 நாள். மறுபரிசோதனைக்கு பெரும்பாலானவர்கள் இப்போது வீடியோவையே நாடுகிறார்கள். அதற்குப் பணம் கேட்கலாம் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

கேட்பவர்களும் காகிதத்தில் கோட்டை விடுகிறார்கள். பெரம்பூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், மனைவியின் பித்தப்பை அறுவைக்குப் பிந்தைய ஆலோசனைக்கு இரண்டு ஸ்கிரீன்ஷாட்டுகள் அனுப்பியிருந்தார். ஒன்று, மாத்திரைப் பெயர்கள் மட்டும் உள்ள வாட்ஸ்அப் செய்தி. மற்றொன்று, 700 ரூபாய் செலுத்தியதற்கான யு.பி.ஐ. அடையாளம். அதில் பணம் பெற்றவராக இருந்தவர் டாக்டரல்ல, கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவர்! நோயாளி பெயர் இரண்டிலுமே இல்லை. இதை வைத்து எந்த அதிகாரியும் பணம் அனுமதிக்க முடியாது.

"டாக்டரிடம் ரசீது கேட்டால் கோபித்துக்கொள்வாரே, சார்" என்றார் அவர். கோபிக்க இடமே இல்லை. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்களின்படி, வாங்கிய கட்டணத்துக்கு ரசீது தருவது டாக்டரின் கடமை. மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண்ணும் இருக்க வேண்டும். ரயில்வே ஊழியர் தயங்கித் தயங்கிக் கேட்டார், மறுநாளே ரசீது, சீட்டு இரண்டும் வந்துவிட்டன.

இன்னொரு சிக்கல், மகனின் கைப்பேசி. செயலியில் கணக்கு அவர் பெயரில் இருப்பதால், அம்மாவின் மூட்டுவலிக்கான சீட்டு 34 வயது மகன் பெயரில் வந்து நிற்கிறது. ஆலோசனை தொடங்கும் முன்பே நோயாளியின் பெயரையும் வயதையும் மாற்றுங்கள். முடிந்த பிறகு திருத்தச் சொல்லி வாடிக்கையாளர் சேவை மையத்தோடு மல்லாடுவது பெரும்பாடு. அமெரிக்காவில் இருக்கும் உறவுக்கார டாக்டரின் ஆலோசனையையும் கிளைமில் சேர்க்காதீர்கள். இங்கே பதிவு பெற்ற மருத்துவரையே பாலிசி மருத்துவராகக் கொள்ளும்.

காலக்கெடுவும் முக்கியம். ஆரோக்ய சஞ்சீவனியில் மருத்துவமனைச் செலவுக்கான காகிதங்களை டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் தர வேண்டும். பிந்தைய செலவுகளுக்கு, அந்தச் சிகிச்சை முடிந்ததிலிருந்து 15 நாள். மற்ற பாலிசிகளில் இது மாறலாம், உங்களுடையதைப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் "நேரில் பார்க்கவில்லை" என்ற ஒரே காரணத்துக்காக மறுத்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தை அணுகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் மறுத்த கடிதத்தையும் உங்கள் புகாரின் நகலையும் இணைத்து, ஓராண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.